இராஜாதித்தன் சோழ அரசனாக முடிசூடினானா?

முதலாம் பராந்தகனுக்கு அடுத்து இராஜாதித்தன் என்று சில அரச வரிசைப் பட்டியல்களில் இருக்கிறது, வேறு சிலவற்றில் நேரே கண்டராதித்தன் வருகிறான், இவற்றில் எது சரி, இராஜாதித்தன் யார், அவன் வாழ்க்கையைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டிருக்கிறீர்கள். அவன் பராந்தகனின் மூத்த மகன், பட்டத்துக்கு உரியவன், ஆனால் அரசனாகவில்லை. தந்தை உயிரோடு ஆண்டுகொண்டிருக்கும்போதே, கி.பி. 949இல், தக்கோலப் போரில் யானை மேலிருந்தபடி இறந்தான். பட்டியல்கள் வேறுபடுவதற்குக் காரணம் இருக்கிறது என்பதால் அதை முதலில் விளக்கிவிடுகிறேன்.

குழப்பத்தைத் தொடங்கிவைத்தவை சோழர்களுடைய செப்பேடுகளே. இராஜராஜன் காலத்துக் கொடையைச் சொல்லும் ஆனைமங்கலச் செப்பேடும், அவன் மகன் இராஜேந்திரன் வெளியிட்ட திருவாலங்காட்டுச் செப்பேடும் தம் வடமொழிப் பகுதியில் குலவரிசை பாடும்போது, பராந்தகனுக்குப் பின் இராஜாதித்தன் உலகாண்டான் என்று பொருள்படும் வகையில் அவனையும் வரிசையில் வைக்கின்றன. கன்னட நாட்டு ஆதகூர்க் கல்வெட்டும் அவனை வெறும் இளவரசனாகக் குறிக்காமல் ‘மூவடிச் சோழன் இராஜாதித்தன்’ என்று சோழன் பெயராலேயே குறிக்கிறது. இவற்றை நம்பிய முற்கால ஆய்வாளர்கள் அவனுக்கும் ஓரிரண்டு ஆண்டு ஆட்சி கொடுத்தார்கள். ஆனால் செப்பேட்டுப் புலவர்கள் அந்தப் போருக்கு அறுபது, எழுபது ஆண்டுகளுக்குப் பின் எழுதியவர்கள். குலத்துக்காக உயிர் கொடுத்த மூத்தவனை வரிசையிலிருந்து விட்டுவிட அவர்களுக்கு மனம் வந்திருக்காது என்றே நான் கருதுகிறேன்.

அதற்கு மாறாக, அந்தந்த ஆண்டிலேயே வெட்டப்பட்ட கற்கள் வேறு கணக்கைச் சொல்கின்றன. பராந்தகன் பட்டமேறியது 907ஆம் ஆண்டு. அவனுடைய கல்வெட்டுகள் 45ஆம் ஆட்சியாண்டுக்கு அப்பாலும், அதாவது 952க்குப் பின்னும், கிடைக்கின்றன. ஆகவே தக்கோலப் போர் நடந்தபோது அரியணையில் இருந்தவன் தந்தைதான். இரண்டாவது சான்று பட்டப்பெயர். சோழ அரசர்கள் பரகேசரி, இராஜகேசரி என்ற இரண்டு பெயர்களை மாறிமாறிச் சூடினார்கள். விஜயாலயன் பரகேசரி, ஆதித்தன் இராஜகேசரி, பராந்தகன் பரகேசரி. இராஜாதித்தன் முடிசூடியிருந்தால் அவன் இராஜகேசரியாகவும், அவனுக்குப் பின் வந்த தம்பி கண்டராதித்தன் பரகேசரியாகவும் இருந்திருக்க வேண்டும். கண்டராதித்தனோ இராஜகேசரி. அந்த முறையில் இராஜாதித்தனுக்கு இடமே விடப்படவில்லை. எனக்கு இந்தச் சான்று ஒன்றே போதுமானது.

இனி அவன் வாழ்க்கை. பிறந்த ஆண்டு எந்தக் கல்லிலும் இல்லை. தாய் கோக்கிழானடிகள். கண்டராதித்தன், அரிஞ்சயன், உத்தமசீலி ஆகியோர் தம்பியர். இவர்களில் அரிஞ்சயனின் பேரன்தான் முதலாம் இராஜராஜன்; எனவே இராஜாதித்தன் இராஜராஜனுக்குப் பாட்டனின் தமையன். வீரமாதேவி என்ற சகோதரி கோவிந்த வல்லவரையர் என்பவருக்கு மணமுடிக்கப்பட்டாள். இந்த மணத்தை மறந்துவிடாதீர்கள். போரின் காரணத்தைச் சொல்லும்போது இது தேவைப்படும்.

அவன் வளர்ந்த காலம் சோழர் ஏற்றத்தின் முதல் அலை. பராந்தகன் மதுரையை வென்று ‘மதுரைகொண்ட கோப்பரகேசரி’ ஆனான். தப்பியோடிய பாண்டியன் இலங்கையில் விட்டுச்சென்ற முடியையும் அரச சின்னங்களையும் கேட்டுப் படையெடுத்து, அவற்றைப் பெறாமலே திரும்பினாலும், ‘மதுரையும் ஈழமும் கொண்ட’ என்று தன் பெயரை நீட்டிக்கொண்டான். உத்திரமேரூர்க் குடவோலைக் கல்வெட்டுகள் 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்டவை. அவையும் இவன் ஆட்சிக் காலத்தவையே. தெற்கு இப்படி அடங்கிய பிறகு, அரசின் கவலையெல்லாம் வடமேற்கு எல்லையில் வந்து நின்றது.

அந்தக் கவலையின் விளைவாகத்தான் பட்டத்து இளவரசன் தஞ்சையில் இல்லாமல் திருமுனைப்பாடி நாட்டில், பெண்ணையாற்றங்கரைப் பகுதியில் பெரும்படையோடு தங்கினான். அவன் இருப்பிடம் திருநாவலூர். சுந்தரர் பிறந்த ஊர் அது. இன்று உளுந்தூர்ப்பேட்டைக்கு அருகில் இருக்கிறது. அங்கிருந்த திருத்தொண்டீசுவரம் என்ற சிவன் கோயிலைக் கற்றளியாக, அதாவது கற்கோயிலாக, எடுத்தவன் இராஜாதித்தன் என்று அங்குள்ள பராந்தகனின் 28ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு சொல்கிறது; அது 935ஆம் ஆண்டளவு. ஊருக்கே இராஜாதித்தபுரம் என்ற பெயர் வழங்கியது. இளவரசன் ஒரு முறை வந்து தானம் செய்துவிட்டுப் போன ஊருக்கு இவ்வளவு நடக்காது. அவன் தாயின் பரிவாரத்தைச் சேர்ந்த சித்திரகோமளம் என்ற பெண் அங்கே விளக்கெரிக்கக் கொடை தந்திருக்கிறாள். இலாடராயர் மகளும் இராஜாதித்தன் மனைவியுமான மகாதேவடிகளும் விளக்கு வைத்திருக்கிறாள். ஆண்டுக்கணக்கில் ஒரு முழுக் குடும்பமும் அதன் பணிமக்களும் அந்த ஊரில் வாழ்ந்தார்கள் என்பது இந்த விளக்குக் கொடைகளிலிருந்தே தெரிகிறது. போர்களின் பெயர்ப்பட்டியலைவிட இவை அவன் வாழ்ந்த வாழ்க்கைக்கு நம்மை நெருக்கமாகக் கொண்டுசெல்கின்றன.

அவன் படையில் மலையாள நாட்டிலிருந்து வந்த சேவகர்கள் பலர் இருந்தார்கள். திருநாவலூர்க் கோயிலில் கொடை கொடுத்தவர்களாக அவர்கள் பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. சேரர், சோழர் நட்பு ஒரு தலைமுறைக்கு முந்தையது. இராஜாதித்தனின் பாட்டன் ஆதித்தனும் சேரமான் தாணு இரவியும் சேர்ந்தே ஒரு தலைவனுக்குச் சிறப்புகள் செய்ததைத் தில்லைத்தானக் கல்வெட்டு பதிவு செய்திருக்கிறது. அந்த நட்பின் வழியாக வந்தவர்களுள் தலையாயவன் வெள்ளங்குமரன். மலைநாட்டு நந்திக்கரைப் புத்தூரைச் சேர்ந்த அவன் இராஜாதித்தனின் படைத்தலைவனாக இருந்தான்; பெண்ணைக் கரையில் திருமுடியூரில், இன்று கிராமம் என்றே பெயர் வழங்கும் ஊரில், ஆற்றுத்தளி மகாதேவருக்குக் கற்கோயில் எடுத்தான்.

சோழர் காலக் கணக்கே ஒருவகையில் இந்தக் கோயில் கல்வெட்டின் மேல்தான் நிற்கிறது என்பதால் இதைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன். கல்வெட்டுகள் பொதுவாக இன்ன அரசனின் இத்தனையாம் ஆட்சியாண்டு என்பதோடு நின்றுவிடும். அந்த ஆட்சி தொடங்கியது எப்போது என்பதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். வெள்ளங்குமரன் வெட்டுவித்த கல்வெட்டோ பராந்தகனின் 36ஆம் ஆண்டைச் சொல்லிவிட்டு, அது கலியுகம் 4044ஆம் ஆண்டு என்றும், கலி தொடங்கி 14,77,037 நாள் ஆயிற்று என்றும் நாட்கணக்கையும் சேர்த்துத் தருகிறது. கணக்கிட்டால் அந்த நாள் 943ஆம் ஆண்டு ஜனவரி மாத நடுவில் விழுகிறது. பராந்தகன் 907இல் பட்டமேறினான் என்று நாம் இன்று தயக்கமின்றிச் சொல்வது இந்தக் கணக்கின் பலத்தில்தான். முடிசூடாத ஓர் இளவரசனின் படைத்தலைவன் எல்லையோரச் சிற்றூரில் நாள் எண்ணி வைத்தது, முடிசூடிய அரசர்கள் அனைவரின் காலத்தையும் வரையறுக்கப் பயன்பட்டிருக்கிறது.

இந்த இடத்தில் வீரநாராயணன் ஏரியைப் பற்றியும் கேட்பீர்கள். போருக்குக் காத்திருந்த காலத்தில் இராஜாதித்தனின் வீரர்கள் வெட்டிய ஏரி அது என்பது பரவலாகச் சொல்லப்படும் செய்தி. காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய அந்த ஏரி பராந்தகனின் விருதுப்பெயரான வீரநாராயணன் என்பதைத் தாங்கியிருப்பதும், இன்று வீராணம் என்ற பெயரில் சென்னைக்குக் குடிநீர் தருவதும் உறுதி. வெட்டியவர்கள் இன்ன படையினர் என்ற பகுதியைச் செவிவழிச் செய்தியாகவே வைத்துக்கொள்வது நல்லது.

இனிப் போரின் காரணம். இதைத் தக்காணத்தை ஆண்ட இராஷ்டிரகூட அரசன் மூன்றாம் கிருஷ்ணனின் பேராசை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுபவர்கள் உண்டு. அதில் உண்மை இருந்தாலும், பகை அதற்கு முந்தையது. பராந்தகனின் தந்தை ஆதித்தனுக்கு இராஷ்டிரகூட இளவரசி வழியாகவும் கன்னரதேவன் என்றொரு மகன் இருந்தான். ஆதித்தனுக்குப் பின் அவனுக்குப் பட்டம் கிடைக்காமல் போனதும், அவன் பாட்டனான இரண்டாம் கிருஷ்ணன் படையெடுத்து வந்து திருவல்லத்தில் பராந்தகனிடம் தோற்றான் என்று வரலாற்றாசிரியர்கள் கொள்கிறார்கள். அந்தப் போரில் சோழனுக்குத் துணை நின்ற, கன்னட நாட்டு மேலைக்கங்கர் குலத்து இரண்டாம் பிருதிவீபதிக்குப் பாணர் நாடு பரிசாகக் கிடைத்தது. நாடிழந்த பாணர்கள் பின்னாளில் இராஷ்டிரகூடர் பக்கம் சாய்ந்தார்கள்.

அடுத்த தலைமுறையில் இது இன்னும் சிக்கலாயிற்று. இராஷ்டிரகூட அரசன் நான்காம் கோவிந்தன் 936ஆம் ஆண்டளவில் அரியணையிலிருந்து விரட்டப்பட்டான். விரட்டியவர்கள் அவனுடைய உறவினரான மூன்றாம் அமோகவர்ஷனும் அவன் மகன் கிருஷ்ணனும். இராஜாதித்தனின் சகோதரியை மணந்த கோவிந்த வல்லவரையர் இந்தக் கோவிந்தன்தான் என்று ஆய்வாளர்கள் அடையாளம் காண்கிறார்கள். அப்படியானால், 939இல் பட்டமேறிய மூன்றாம் கிருஷ்ணனின் கண்ணில் சோழ அரண்மனை தன் பகைவனுக்குப் பெண் கொடுத்த வீடு. கிருஷ்ணனின் தமக்கை இரேவகநிம்மடி கங்க இளவரசன் பூதுகனுக்கு மணமுடிக்கப்பட்டிருந்தாள். பூதுகன் தன் அண்ணன் இராசமல்லனைக் கொன்று கங்க நாட்டைக் கைப்பற்றியதற்கும் கிருஷ்ணனின் துணை இருந்தது. இவற்றுக்கிடையே சோழரின் பழைய நண்பன் பிருதிவீபதி மறைந்தான். அவனோடு வடமேற்கு எல்லையின் காவலும் போயிற்று. திருநாவலூரில் இருந்தவன் ஆண்டுக்காண்டு தன்னைச் சுற்றி நட்பு குறைந்துவருவதைப் பார்த்துக்கொண்டே இருந்திருப்பான்.

தக்கோலம் அரக்கோணத்துக்கு அருகில் இருக்கிறது. திருவூறல் என்று சம்பந்தர் பாடிய தலம் அதுவே. திருநாவலூரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 140 கிலோமீட்டர். பகைவன் தன் நாட்டுக்குள் இறங்கும்வரை காத்திராமல் இளவரசன் காஞ்சிக்கும் வடக்கே போய் அவனை எதிர்கொண்டிருக்கிறான் என்று இந்தத் தூரத்தை வைத்து எண்ணத் தோன்றுகிறது.

அவன் இறந்த விதம் குறித்து இரண்டு சாட்சியங்கள் உள்ளன; இரண்டும் ஒன்றுபடவில்லை. சோழர் தரப்பை ஆனைமங்கலச் செப்பேடு சொல்கிறது. அசைக்க முடியாத கிருஷ்ணராஜனை அவன் படைகளோடு நாற்புறமும் தன் அம்புகளால் கலங்கச் செய்து, பெரிய யானையின் மேல் அமர்ந்திருந்த நிலையில், பகைவரின் கூரிய அம்பு மார்பைப் பிளக்க, இராஜாதித்தன் வீரசுவர்க்கம் புகுந்தான் என்பது அதன் கருத்து. கங்கர் தரப்பை மண்டியா மாவட்டத்து ஆதகூர்க் கல்வெட்டு சொல்கிறது. அது சக ஆண்டு 872, அதாவது கி.பி. 949-50இல், போர் நடந்த கையோடு வெட்டப்பட்டது. யானை மேலிருந்த அம்பாரியையே போர்க்களமாக்கிக் குறுவாளால் குத்திப் பூதுகன் இராஜாதித்தனைக் கொன்றான் என்பது அதன் கூற்று. அந்தக் கன்னடத் தொடரில் வரும் ஒரு சொல்லுக்குத் தழுவுதல் என்று முதலில் பொருள் கொண்ட அறிஞர் பிளீட், தழுவி நின்றபடி வஞ்சகமாகக் குத்திய கொலை என்று எழுதினார்; அந்தச் சொல் அம்பாரியைக் குறிப்பது என்று பின்னர்த் தெளிவானதும் வஞ்சகம் என்ற பேச்சு வலுவிழந்தது. பழைய நூல்களைப் படித்தவர்கள் இன்றும் இதை நயவஞ்சகக் கொலையாகவே எழுதுவதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் கருத்தில் இரண்டு சாட்சியங்களும் ஒன்றையொன்று முற்றாக மறுக்கவில்லை. அம்பு பட்டுத் தளர்ந்தவனின் யானை மீது பகைவன் ஏறிக் குத்தியிருக்கலாம். சோழர் தரப்பு முன்பாதியையும் கங்கர் தரப்பு பின்பாதியையும் போற்றி வைத்திருக்கலாம். இருவரும் மாறாமல் சொல்வது, அவன் யானையை விட்டு இறங்கவில்லை என்பதை. தமிழ்க் கல்வெட்டு வழக்கில் அவனுக்கு ‘ஆனைமேற்றுஞ்சினார்’ என்ற பெயர் நிலைத்தது. இறந்த இடத்தைக் கொண்டு அரச குடும்பத்தாரைச் சுட்டுவது சோழர் காலத்து மரபு. ஆற்றூரில் இறந்த அரிஞ்சயன் ‘ஆற்றூர்த் துஞ்சின தேவர்’, காஞ்சிப் பொன்மாளிகையில் இறந்த சுந்தர சோழன் ‘பொன்மாளிகைத் துஞ்சின தேவர்’. போர்க்களத்து யானையின் முதுகு இவனுக்கு அத்தகைய இடமாயிற்று.

ஆதகூர்க் கல்லைப் பற்றி இன்னொன்றும் உண்டு. அது இராஜாதித்தனுக்காக நட்ட கல் அல்ல. பூதுகனின் வீரன் மணலேரன் தக்கோலத்தில் நன்கு போரிட்டதைக் கண்டு மகிழ்ந்த பூதுகன், வேண்டியதைக் கேள் என்றபோது, காளி என்ற வேட்டை நாயைத் தரும்படி கேட்டு அவன் வாங்கிக்கொண்டான். பின்னர் ஒரு காட்டுப்பன்றியோடு பொருது, பன்றியும் நாயும் ஒருசேர மடிந்தன. அந்த நாயின் நினைவாக எடுத்த கல் அது. பன்றியோடு நாய் மோதும் காட்சி அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. வெற்றி கொண்ட பூதுகனுக்கு வனவாசி, பெள்வலம் முதலிய நாடுகளைக் கிருஷ்ணன் அளித்த செய்தியும் அதே கல்லில்தான் இருக்கிறது. தக்கோலப் போருக்கு ஆண்டு குறித்து நமக்குக் கிடைத்திருக்கும் மிக நெருக்கமான சாட்சி, நாயை இழந்த ஒரு வீரனின் துயரத்தால் நிற்கும் கல்.

இராஜாதித்தன் விழுந்ததும் சோழ அரசு பாதியாகச் சுருங்கியது. தொண்டை மண்டலமும் நடுநாட்டின் பெரும்பகுதியும் கிருஷ்ணன் வசமாயின. ‘கச்சியும் தஞ்சையும் கொண்ட கன்னரதேவன்’ என்று, கிருஷ்ணன் என்பதன் தமிழ் வடிவத்தில், அவன் ஆட்சியாண்டு குறித்த கல்வெட்டுகள், முன்பு பராந்தகன் பெயர் வெட்டப்பட்டிருந்த பகுதிகளில் வரிசையாகத் தோன்றின. வட ஆற்காட்டு மேல்பாடியில் பாசறை அமைத்துத் தங்கியிருந்த கிருஷ்ணன், தான் வென்ற நாடுகளைத் தன் கீழுள்ளவர்களுக்குப் பகிர்ந்துகொடுத்ததை 959ஆம் ஆண்டு கர்ஹாட் செப்பேடு சொல்கிறது. தெற்கே வீரபாண்டியன் ‘சோழன் தலைகொண்ட’ என்ற விருதோடு எழுந்தான். நாற்பது ஆண்டு கட்டியதெல்லாம் இடிவதை முதிய பராந்தகன் தன் கடைசி ஆண்டுகளில் இருந்து பார்த்தான். பட்டம் கண்டராதித்தனுக்குப் போயிற்று. தில்லையைப் பாடிய சிவபக்தன் அவன், போர்க்களத்துக்கு வளர்ந்தவன் அல்லன். அவனுக்குப் பின் அரிஞ்சயன், பிறகு சுந்தர சோழன். இழந்த தொண்டை மண்டலத்தை மீட்டுக் காஞ்சியில் நின்ற ஆதித்த கரிகாலனும் பட்டத்துக்கு வராமலே கொலையுண்டான். பின்னாளில் இராஜராஜன் தன் பாட்டன் அரிஞ்சயனுக்குப் பள்ளிப்படையாக, அதாவது நினைவுக் கோயிலாக, அரிஞ்சிகை ஈசுவரத்தை எடுத்தது, கிருஷ்ணன் பாசறை போட்டிருந்த அதே மேல்பாடியில்தான்.

இராஜாதித்தனுக்குப் பிள்ளைகள் இருந்ததாகக் கல்வெட்டுகளில் செய்தி இல்லை. அவனுக்காக வருந்தியவர் ஒருவர் பற்றிய செய்தி இருக்கிறது. திருவொற்றியூர்க் கோயிலில் கிருஷ்ணன் ஆட்சியாண்டு இட்ட கல்வெட்டு ஒன்று, அங்கிருந்த மடத்துத் தலைவர் சதுரானன பண்டிதரின் முன்கதையைச் சொல்கிறது. கேரளத்தில் பிறந்து, இளமையிலேயே கலைகளைக் கற்று, சோழ நாடு வந்து இராஜாதித்தனுக்கு நெருங்கிய நண்பரானவர் அவர். போர்க்களத்தில் இராஜாதித்தனோடு சேர்ந்து இறக்கும் பேறு தமக்கு வாய்க்காமல் போனதே என்று வெறுப்புற்று, கங்கையில் நீராடி வந்து, நிரஞ்சன குருவிடம் துறவு பெற்றார். பெண்ணைக் கரையில் கோயில் எடுத்து நாளை எண்ணி வைத்த வெள்ளங்குமரனே இவர் என்று ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். வழிபாடு மாதந்தோறும் தாம் பிறந்த அவிட்ட நாளில் நடைபெற வேண்டும் என்று அவர் நூறு பொன்னை ஊர்ச் சபையாரிடம் வைத்தார். தம் நண்பனை வீழ்த்திய அரசனின் ஆட்சியாண்டைத் தலையில் தாங்கிய கல்லில்தான் அந்தக் கொடையை அவர் பொறிக்க நேர்ந்தது; இராஜாதித்தனின் பெயரை அவர் அதில் விடாமல் எழுதுவித்தார்.